ஊதாமல் பிறந்த கண்ணாடி

கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வாசனைக் குப்பி ஒன்றின் வாய்க்குள் சிறு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். வெளிப்புறம் வழவழவென்று இருக்கும். ஆழ்ந்த நீலத்தின்மேல் மஞ்சளும் வெள்ளையும் பசுநீலமும் அலையலையாக ஓடும். உட்புறமோ சொரசொரப்பாக, குழிகுழியாக, பூசாத சுவரைப்போல இருக்கும். ஆங்காங்கே செம்மண் ஒட்டியிருக்கும். மண்ணுக்குள் நெடுங்காலம் புதைந்து கிடந்தபோது புகுந்த மண்ணும் அதில் உண்டுதான். ஆனால் சுவரோடு சுவராகப் பற்றிக்கொண்டிருப்பது, குப்பியைச் செய்தவர் தம் கையால் வைத்த மண். அந்தக் குப்பி மண்ணின்மேல்தான் உருவானது.

கண்ணாடிப் பாத்திரம் செய்வது என்றதும், நீண்ட குழாயின் முனையில் உருகிய கண்ணாடியை எடுத்து ஊதும் காட்சிதான் நம் மனதில் வரும். அந்த உத்தி வந்தது கி.மு. முதல் நூற்றாண்டில். அதற்கு முன்பு ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் மேற்காசியாவிலும் எகிப்திலும் பின்னர் கிரேக்க உலகிலும் ஊதாமலேயே கண்ணாடிக் கலம் செய்தார்கள். கலத்துக்குள் எவ்வளவு வெற்றிடம் வேண்டுமோ, அதை முதலில் மண்ணால் பிடித்துக்கொள்வார்கள். அதைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றுவார்கள். எல்லாம் ஆறிய பிறகு உள்ளே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். இதை மண்கரு முறை என்று அழைக்கலாம்.

ஊதும் முறை வருவதற்கு முன்பிருந்த தொடக்கநிலை முயற்சி என்று ஒரே வரியில் இந்தக் குப்பிகளைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. அது இந்தக் கைவேலைக்கு நியாயம் செய்வதாகாது. இவை ஏன் இத்தனை சிறியவை, சுவர் ஏன் தடித்திருக்கிறது, கோடுகள் ஏன் அலை வடிவில் இருக்கின்றன, நிறம் ஏன் ஒளியை விடாமல் அடர்ந்திருக்கிறது? ஒவ்வொரு கேள்விக்கும் விடை பொருளின் இயற்பியலிலும் வேதியியலிலும் இருக்கிறது. பாடநூல் எதுவும் இல்லாத காலத்தில் கையாலும் கண்ணாலும் கற்ற இயற்பியல் அது.

முதலில் மண். ஓர் உலோகக் கம்பியின் முனையில் களிமண்ணும் மணலும் சாணமும் சேர்த்துப் பிசைந்த கலவையைக் கலத்தின் உள்வடிவத்தில் பிடிக்க வேண்டும். பழைய நூல்கள் இதை மணற்கரு என்று எழுதின. வெறும் மணல் கம்பியில் நிற்காது, சூடேறியதும் உதிர்ந்துவிடும். எகிப்தியக் கலங்களின் உள்ளே எஞ்சியிருந்த துணுக்குகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது களிமண்ணும் தாவர எச்சமுமே தெரியவந்தன. சாணம் அங்கே இரண்டு வேலை செய்கிறது. ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள நார் மண்ணைப் பிணைத்து வைக்கிறது. உலையில் வாட்டும்போது எரிந்துபோய், மண்ணுக்குள் கணக்கற்ற நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. அந்தத் துளைகள்தான் கலத்தைக் காப்பாற்றுகின்றன. ஆறும்போது கண்ணாடி சுருங்கும். உள்ளே இருப்பது கல்லைப்போல இறுகிய மண்ணாக இருந்தால், சுருங்க இடமில்லாமல் கண்ணாடி வெடித்துவிடும். துளை நிறைந்த மண் நசுங்கிக் கொடுக்கும். கடைசியில் சுரண்டும்போதும் எளிதாகப் பொடியும். உருகும் சூட்டில் வடிவம் மாறாமல் நிற்கவும் வேண்டும், ஆறியபின் உதிரவும் வேண்டும் என்ற முரண்பட்ட இரண்டு தேவைகளையும் ஒரே கலவை தீர்த்துவைக்கிறது. இந்தக் கலவையைக் கண்டவர் யாரென்று பெயர் இல்லை. ஆனால் மண்கரு முறையின் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது கண்ணாடி. பனிக்கட்டி பூச்சியம் டிகிரியில் சட்டென்று நீராகும். கண்ணாடிக்கு அப்படி ஓர் உருகுநிலை கிடையாது. சூடு ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாக இளகும். வெல்லப்பாகு காய்ச்சுகிறவர் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பார்த்து இறக்குவதைப்போல, கண்ணாடிக்காரரும் பதம் பார்த்தே வேலை செய்கிறார். சோடாவும் சுண்ணாம்பும் கலந்த சாதாரணக் கண்ணாடி 1,000 டிகிரி செல்சியஸ் அளவில் தேனைப்போல இழுபடும். 700 டிகிரிக்கு இறங்கும்போது தன் எடையால் மெல்லச் சாயுமே தவிர ஓடாது. 550 டிகிரிக்குக் கீழே அது கிட்டத்தட்டத் திடப்பொருள். இந்த இடைவெளிக்குள்தான் முழு வேலையும் நடந்து முடிய வேண்டும். குளிர்ந்துவிட்டால் மறுபடி உலை வாயில் காட்டலாம்; கூடுதலாகக் காட்டிவிட்டால் போட்ட கோலமெல்லாம் குழம்பிவிடும்.

மண்கருவின்மேல் முதற் கண்ணாடியை எப்படி ஏற்றினார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உருகிய கண்ணாடிக்குள் கருவை முக்கி எடுத்தார்கள் என்பது ஒரு கருத்து. பொடித்த கண்ணாடியில் புரட்டிப் புரட்டிச் சுட்டார்கள் என்பது இன்னொன்று. இளகிய கண்ணாடியைத் தடித்த இழையாக இழுத்துக் கருவைச் சுற்றினார்கள் என்பது மூன்றாவது. அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் குடன்ராத் பழைய முறைகளை உலைமுன் நின்று செய்து காட்டிவருபவர். இழை சுற்றும் முறையில் அவர் உருவாக்கிக் காட்டும் கலங்கள் பழையவற்றை நெருக்கமாக ஒத்திருக்கின்றன. எனக்கும் இந்த மூன்றாவது கருத்தே பொருந்துவதாகத் தோன்றுகிறது. முக்கி எடுக்க வேண்டுமானால், கரு முழுதும் மூழ்கும் ஆழத்துக்கு உருகிய கண்ணாடி எப்போதும் தயாராக இருக்க வேண்டும். விரல் நீளக் குப்பிக்காக அத்தனை கண்ணாடியையும் விறகையும் செலவழிப்பது கட்டுபடியாகிற வேலை அல்ல.

உடல் வந்தபின் அலங்காரம். வேறு நிறக் கண்ணாடியை மெல்லிய இழையாக இழுத்து, கம்பியைச் சுழற்றிக்கொண்டே உடலைச் சுற்றி நெருக்கமாகச் சுற்ற வேண்டும். பிறகு கூர்முனைக் கருவியால் ஒரு முறை மேல்நோக்கி, அடுத்த முறை கீழ்நோக்கி இழுத்தால், நேராக இருந்த வளையங்கள் மடிந்து மடிந்து பறவைச் சிறகின் வரிகளைப்போல ஆகிவிடும். ஒரே திசையில் இழுத்தால் தோரண வளைவுகள் கிடைக்கும். கடைசியாக, வழவழப்பான கற்பலகையின்மேல் கலத்தை உருட்டினால், இழைகள் உடலுக்குள் அழுந்தி மேற்பரப்பு சமமாகிவிடும். கையில் எடுத்து விரலால் தடவும் வாய்ப்புக் கிடைத்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அந்த வரிகள் மேலே பூசிய சாயம் இல்லை, கண்ணாடிக்குள் கண்ணாடியாகப் பதிந்தவை. கூர்ந்து பார்த்தால் அலையின் முகட்டிலும் பள்ளத்திலும் செங்குத்தாக மெல்லிய பள்ளக் கோடுகள் தெரியும். அவை அந்தக் கருவி போன தடம். சுற்றத் தொடங்கிய இடத்தில் இழை தடித்தும், அறுத்துவிட்ட இடத்தில் மெலிந்தும் இருக்கும். கைப்பிடிகள் கோடுகளை மறைத்துக்கொண்டு மேலே அமர்ந்திருக்கும். கோலம் போட்ட பிறகே கைப்பிடி ஒட்டப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. வாய்க்குத் தட்டையான விளிம்பு, அந்த விளிம்பைச் சுற்றி ஒரு மஞ்சள் இழை, தோளின் இரு பக்கமும் சின்னஞ்சிறு வளையக் கைப்பிடிகள், ஒவ்வொன்றின் கீழும் வால்போல இறங்கும் ஒரு குமிழ் என்று எல்லாமே உலைச் சூட்டில் ஒவ்வொன்றாக ஒட்டியவை.

இத்தனையும் நடக்கும்போது ஒரு கை கம்பியைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் இளகிய கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். கலம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு எடை, அவ்வளவு தொங்கல். அதைவிடப் பெரிய ஆபத்து ஆறும்போது வருகிறது. கண்ணாடி வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளிப்பக்கம் குளிர்ந்து இறுகும்போது உட்பக்கம் சூடாகவே இருக்கும். பிறகு அது சுருங்கும்போது இறுகிய வெளிப்பக்கத்தை இழுக்கும். அந்த இழுவிசை உள்ளே தங்கிவிட்டால், செய்த அன்றோ அடுத்த மாதமோ கலம் தானாகவே விரிசல் விடும். அதைத் தவிர்க்க, 500 டிகிரியை ஒட்டிய சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, அங்கிருந்து மிக மெதுவாக இறக்க வேண்டும். பல நிறக் கண்ணாடிகள் ஒன்றாக இருப்பதால் சிக்கல் இன்னும் கூடுகிறது. நீலமும் மஞ்சளும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் மஞ்சள் இழை தெறித்துவிடும். 2,500 ஆண்டுகளுக்குப் பிறகும் இழை பிரியாமல் இருக்கும் ஒரு குப்பி, அதைச் செய்தவருக்குத் தம் கண்ணாடிகளைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்பதற்கான சான்று. அளவு சிறிதாக இருப்பதற்கும் இவையே காரணம். எடை, ஆறும்போது எழும் இறுக்கம், குறுகிய கழுத்து வழியாகச் சுரண்டி எடுக்க வேண்டிய மண் ஆகிய மூன்றும் சேர்ந்து பெரும்பாலான குப்பிகளை 7 முதல் 15 சென்டிமீட்டருக்குள் நிறுத்திவைத்தன.

இந்தக் கலையைக் கிரேக்கர்கள் கண்டுபிடிக்கவில்லை. கி.மு. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் வட மெசபடோமியாவில் அது தோன்றியது. விரைவில் எகிப்துக்கும் போனது. மூன்றாம் துட்மோஸ் மன்னரின் பெயர் பொறித்த பசுநீலக் கண்ணாடிக் குடுவை ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்போது கண்ணாடி அரண்மனைப் பொருள். தங்கத்துக்கும் நீலக்கல்லுக்கும் பக்கத்தில் வைத்து எண்ணப்பட்டது. துருக்கியின் தென்கரையில் உலுபுருன் முனைக்கருகே கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் மூழ்கிய கப்பலை 1984 முதல் 1994 வரை கடலடியில் அகழ்ந்தார்கள். செம்புக் கட்டிகளோடு, ஏறத்தாழ 175 கண்ணாடிக் கட்டிகளும் அதில் இருந்தன. பல கட்டிகள் கோபால்ட் நீலம். மணலிலிருந்து கண்ணாடியை உருக்குவது ஓர் ஊரிலும், அந்தக் கட்டியை வாங்கி மறுபடி இளக்கிப் பாத்திரம் செய்வது வேறோர் ஊரிலும் நடந்தது என்பதை அந்தக் கப்பல் கண்முன் காட்டியது.

நினிவே நகரில் அசுர்பனிபால் மன்னரின் நூலகத்தில் கிடைத்த களிமண் ஏடுகளில் கண்ணாடி செய்குறிப்புகளே உள்ளன. 1970இல் லியோ ஓப்பன்ஹைம் அவற்றை மொழிபெயர்த்து நூலாக வெளியிட்டார். எந்தப் பொருளை எந்த அளவில் சேர்ப்பது, எவ்வளவு நேரம் உருக்குவது என்பதோடு, நல்ல நாள் பார்த்து உலை கட்டுவது, தெய்வ உருக்களை நிறுத்துவது, ஆடு பலியிட்டுத் தூபம் போடுவது, வெளியாள் யாரையும் உள்ளே விடாமல் இருப்பது என எல்லாம் அதில் வருகின்றன. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட நான் தயாராக இல்லை. எந்தக் காரணத்தால் ஒரு சூளை கெடுகிறது, இன்னொன்று தேறுகிறது என்று அளந்தறிய வழியில்லாத காலம் அது. நன்றாக வந்த முறையை ஓர் எழுத்துகூட மாற்றாமல் திரும்பச் செய்வதற்கு அவர்களிடமிருந்த வழி சடங்குதான்.

கி.மு. 1200ஐ ஒட்டிக் கிழக்கு மத்தியதரைக் கடலின் அரசுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தபோது கண்ணாடிக் கலத் தொழிலும் சுருங்கிப்போனது. கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளில் மெசபடோமியாவில் அது மீண்டும் தலையெடுத்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் கிரேக்க உலகில் புதிய வேகத்தோடு கிளைத்தது.

அதன் மையம் ரோட்ஸ் தீவு என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அத்தீவின் கமீரோஸ், இயாலிசோஸ் இடுகாடுகளில் இந்தக் குப்பிகள் ஏராளமாகக் கிடைத்ததே அதற்கு முதற் காரணம். 1859 முதல் 1864 வரை சால்ஸ்மன், பிலியோட்டி ஆகிய இருவர் கமீரோஸில் தோண்டியவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குப் போனது. இந்தக் கலங்களைக் காலவரிசையில் அடுக்கிய பெரும்பணியை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக டொனால்ட் ஹார்டனும் அமெரிக்காவின் டொலேடோ கலை அருங்காட்சியகத்துக்காக டேவிட் குரோஸும் செய்தார்கள். மூன்று தொகுதிகள் என்பது அவர்கள் வகுப்பு. முதலாவது கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 5ஆம் நூற்றாண்டின் முடிவு வரை. இரண்டாவது கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 3ஆம் நூற்றாண்டு வரை. இதற்குத் தென் இத்தாலி, மாசிடோனியா போன்ற இடங்கள் சொல்லப்படுகின்றன. மூன்றாவது கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கி.பி. தொடக்கம் வரை, சைப்ரஸையும் சிரிய-பாலஸ்தீனக் கரையையும் ஒட்டியது. மூன்றில் முதலாவதே செம்மையானது. அதில் வடிவம் கச்சிதமாகவும் கோடுகள் கட்டுக்குள்ளும் இருக்கின்றன. மூன்றாவதை எட்டும்போது கைகளில் அவசரம் தெரிகிறது.

வடிவங்களுக்கு மண்பாண்டமும் கல்லும்தான் முன்மாதிரி. நீண்ட உடலும் உருண்ட அடியும் கொண்டது அலபாஸ்ட்ரான். இது தானாக நிற்காது, கையில் பிடிக்கவோ கயிற்றில் தொங்கவிடவோ வேண்டும். உருண்டையானது அரிபாலோஸ். பெரிய ஜாடியின் குட்டி வடிவம் ஆம்ஃபோரிஸ்கோஸ். மூவிதழ் வாயும் ஒரே பிடியும் கொண்ட சிறு கூஜா ஓய்னோகோயே. எல்லாவற்றிலும் இருந்தது எண்ணெய், அதிலும் மணமூட்டிய எண்ணெய். சாராயம் வடித்து அதில் மணம் ஏற்றும் வழக்கம் அப்போது இல்லை. ரோஜா, குங்குமப்பூ, ஐரிஸ் கிழங்கு போன்றவற்றை எண்ணெயில் ஊறவைத்து மணத்தை இறக்கினார்கள். அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃப்ராஸ்டஸ் மணங்களைப் பற்றித் தனியாகவே ஒரு நூல் எழுதியிருக்கிறார். வெயிலும் சூடும் தைலத்தைக் கெடுக்கும், அதனால் ஈயப் பாத்திரத்திலும் அலபாஸ்டர் கல் குப்பியிலும் வைப்பார்கள் என்பது அவர் தரும் செய்தி. குளிர்ச்சியும், கசியாத நெருக்கமும் கொண்ட சுவர் வேண்டும் என்பதே அதன் பொருள். கண்ணாடிச் சுவர் துளியும் கசியவிடாது. மெருகிடாத மண்குப்பி எண்ணெயை உறிஞ்சும், கண்ணாடி உறிஞ்சாது. அடர்நிறம் வெளிச்சத்தையும் பெருமளவு தடுத்துவிடும். குறுகிய கழுத்து ஒவ்வொரு துளியாக விடும். தட்டையான அந்த விளிம்பும் வெறும் அழகுக்காக வைத்தது இல்லை. அதில் எண்ணெயைத் தேக்கித் தோலில் நேரே தடவலாம்.

எகிப்தில் அரண்மனைக்குரியதாக இருந்த கண்ணாடி, கிரேக்க உலகில் சாதாரண வசதி படைத்தவர்களின் வீட்டுக்குள் வந்தது. மேற்கே ஸ்பெயினின் எம்போரியான், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ், இத்தாலியின் எட்ரூரியா, கிழக்கே கருங்கடலின் ஜார்ஜியக் கரையில் உள்ள பிச்வ்நாரி வரை இந்தக் குப்பிகள் போயிருக்கின்றன. பெரும்பாலும் இடுகாடுகளில் கிடைப்பதால்தான் நமக்கு முழுதாக வந்து சேர்ந்தன. இறந்தவருக்குத் தைலம் பூசி, குப்பியையும் உடன் வைத்துப் புதைத்தார்கள்.

நிறங்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். மணலில் இருப்பது சிலிக்கா. தனியாக உருக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தக் கால உலைக்கு அது எட்டாத சூடு. சோடாவைச் சேர்த்தால் 1,000 டிகிரியைச் சுற்றியே உருக ஆரம்பிக்கும். ஆனால் சிலிக்காவும் சோடாவும் மட்டும் கலந்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும். அதைக் கரையாமல் நிறுத்துவது சுண்ணாம்பு. கடற்கரை மணலில் இருந்த சிப்பித் துணுக்குகளே அந்தச் சுண்ணாம்பைத் தந்துவிட்டன. இந்த அடிப்படைக் கலவையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கோபால்ட் சேர்ந்தாலே ஆழ்ந்த நீலம் வந்துவிடும். செம்பு பசுநீலம் தரும். மாங்கனீசு ஊதா தரும்.

மஞ்சளும் வெள்ளையும் வேறு விதம். இவை கரைந்த சாயங்கள் அல்ல. கண்ணாடிக்குள் மிதக்கும் நுண்படிகங்கள். ஆன்டிமனியை உருகிய கண்ணாடியில் சேர்த்தால், அங்கேயுள்ள சுண்ணாம்போடு கூடி வெண்ணிறப் படிகங்களாகப் பிரியும். அவை ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் கண்ணாடி பால்வெண்மையாகிறது. ஈயத்தோடு ஆன்டிமனி சேர்ந்த படிகம் மஞ்சள். இதைத் தனியே தயாரித்துச் சேர்ப்பார்கள். மஞ்சளைக் கையாள்வது கடினம்: சூடு மிஞ்சினால் படிகம் கரைந்து நிறம் வெளுத்துவிடும். ஆகவே குப்பியின் விளிம்பில் மங்காமல் நிற்கும் அந்த மஞ்சள் இழையைப் பார்த்தே, உலையின் சூட்டை எவ்வளவு கட்டுக்குள் வைத்திருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். வெப்பமானி கிடையாது. உலைக்குள் தெரியும் செந்நிறத்தின் சாயலும் கண்ணாடி இழுபடும் விதமும்தான் அளவுகோல்.

சோடா எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை ஆய்வகங்கள் அழகாகத் தீர்த்தன. வெண்கலக் காலக் கண்ணாடியில் மக்னீசியமும் பொட்டாசியமும் கூடுதலாக இருக்கும். அது தாவரங்களை எரித்த சாம்பலிலிருந்து வந்த சோடா. கிரேக்கக் குப்பிகளிலோ பொதுவாக இரண்டின் ஆக்சைடுகளும் ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே நிற்கின்றன. அது நேட்ரான் எனும் கனிம சோடாவின் அடையாளம். எகிப்தில் கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள வாடி நேட்ரூன் ஏரிகள் வற்றும்போது கரையில் படிவது அந்த நேட்ரான். பிச்வ்நாரியில் கிடைத்த கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கலங்களை ஆராய்ந்தபோதும் இதே விடைதான் வந்தது. கிரேக்க வடிவம், கருங்கடல் கல்லறை, உள்ளே எகிப்தை நோக்கிக் கைகாட்டும் சோடா! ஒரு குப்பிக்குள் எவ்வளவு கடற்பயணம் அடங்கியிருக்கிறது!

இந்தச் சோதனைகள் இப்போது கலத்தை உடைக்காமலே நடக்கின்றன. எக்ஸ்-கதிரைப் பாய்ச்சித் திரும்பி வரும் கதிர்களை அளக்கும் கையடக்கக் கருவி, கோபால்ட், செம்பு, ஈயம், ஆன்டிமனி ஆகியவற்றை உடனே காட்டிவிடும். சோடியம் போன்ற இலேசான தனிமம் அதன் பிடிக்கு அவ்வளவாகச் சிக்காது. மேற்பரப்பும் ஏமாற்றும். ஈரமண்ணில் கிடக்கும் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சோடியத்தை இழுத்து எடுத்துக்கொண்டு, சிலிக்கா மிகுந்த மெல்லிய ஏடுகளை விட்டுச் செல்கிறது. பழங்கண்ணாடியில் காணும் வானவில் மினுமினுப்பு அந்த ஏடுகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது உண்டாவது. பார்வையாளர்கள் மயங்கி நிற்கும் அந்த மினுமினுப்பைச் செய்தவர் பார்த்ததே இல்லை. அது கண்ணாடி அழிந்துவருவதன் அறிகுறி. அதற்கும் கீழே உள்ள நல்ல கண்ணாடியை எட்ட லேசரைப் பயன்படுத்துகிறார்கள். தலைமுடித் தடிமன் அளவே உள்ள குழியிலிருந்து ஆவியாகும் துகளைக் கொண்டு, பத்து லட்சத்தில் சில பங்கே இருக்கும் தனிமங்களைக்கூட அளந்துவிடுகிறார்கள். மணல் எந்தக் கரையைச் சேர்ந்தது என்பதை ஊகிக்க அந்த அரிய தனிமங்களே துணை.

கி.மு. முதல் நூற்றாண்டில் ஊதும் முறை வந்தது. ஜெரூசலத்தின் பழைய நகர்ப் பகுதியில் நாமன் அவிகாத் நடத்திய அகழாய்வில், பட்டறைக் கழிவாகக் கொட்டப்பட்ட மெல்லிய கண்ணாடிக் குழாய்கள் கிடைத்தன. அவற்றில் சில ஒரு முனையில் ஊதிக் குமிழாக்கப்பட்டிருந்தன. கி.மு. 50ஐ ஒட்டிய அந்தக் குவியல்தான் ஊதும் கலையின் மிகப் பழைய தடயங்களில் ஒன்று. அதன்பின் எல்லாம் வேகமாக மாறியது. மண் பிடிக்க வேண்டாம், சுரண்ட வேண்டாம்; சில நிமிடத்தில் மெல்லிய சுவரோடு பெரிய பாத்திரம் தயார். ரோமில் ஒரு செப்புக் காசுக்குக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கலாம் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதும் அளவுக்கு விலை இறங்கியது. மண்கரு முறை ஓரிரு தலைமுறைக்குள் மறைந்துபோனது. மலிவான கண்ணாடி எளியவர் வீட்டுக்கும் போனது பெரிய நன்மை. இருந்தாலும் ஒரு குப்பிக்காக இவ்வளவு நிறத்தையும் பொறுமையையும் ஒருசேரக் கொடுத்த கைவேலை அதன்பின் அந்த அளவில் திரும்பி வரவில்லை என்பதே என் முடிவு.

இன்று இந்தக் குப்பிகள் ஏலக்கடைகளிலும் இணையத்திலும் விற்பனைக்கு வருகின்றன. சிறியவை, அழகானவை, பையில் போட்டுக்கொண்டு எல்லை கடந்துவிடலாம் என்பதால் கல்லறைத் திருடர்களுக்கு இவை வசதியான பொருள். ரோட்ஸில் இந்தக் குப்பிகளைச் செய்த ஆதிப் பட்டறையின் உலையைத் தொல்லியலார் இன்னும் கண்டறியவில்லை. அது ரோட்ஸ்தான் என்ற முடிவே எந்தக் கல்லறையில் எத்தனை குப்பி, எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்ற பதிவுகளின்மேல் நிற்கிறது. கிடைத்த இடம் தெரியாமல் சந்தைக்கு வரும் குப்பி எவ்வளவு முழுமையாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு உதவாது. பண்பாட்டுச் சொத்துகளின் கள்ளக்கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970இல் வந்தது. அதற்கு முன்பிருந்தே தொடரும் உரிமை ஆவணமோ, சட்டப்படியான ஏற்றுமதி அனுமதியோ காட்ட முடியாத பழங்கண்ணாடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பரிசாகவும் ஏற்காதீர்கள். பார்க்க விரும்புகிறவர்களுக்கு நியூயார்க்கின் மெட்ரோபாலிடன், கார்னிங், பிரிட்டிஷ் அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகள் காசில்லாமல் திறந்தே கிடக்கின்றன.